பழைய தொழிலக ரயில் இன்ஜின்களைப் பாதுகாத்தல்: மலேசியத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் துறைமுகங்களிலும் உழைத்த சிறிய ரயில் இன்ஜின்களைப் பற்றிச் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பட்டர்வொர்த் பகுதிகளில் உள்ள ரயில்வே குடும்பத்தினரும், தோட்டத்தில் வளர்ந்து நகரத்துக்கு வந்தவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். சிலவற்றை, குறிப்பாகக் கொதிகலன் பற்றியதை, அப்படி முடித்துவிட முடியாது.

தொழிலக இன்ஜின் என்று எதைச் சொல்கிறோம்?

பொது ரயில்வேக்குச் சொந்தமாக இல்லாமல், ஒரு தோட்டமோ சுரங்கமோ ஆலையோ தன் சொந்தச் சரக்கை இழுப்பதற்காக வாங்கி வைத்திருந்த இன்ஜினையே அப்படிச் சொல்கிறோம். அது பெரும்பாலும் நான்கு அல்லது ஆறு சக்கரங்களைக் கொண்டது, தண்ணீரையும் எரிபொருளையும் தனிப் பெட்டியில் இழுத்துச் செல்லாமல் தன் உடலிலேயே சுமப்பது, கூர்மையான வளைவுகளில் திரும்பக்கூடியது, வேகம் குறைந்தது. மாப்பிள்ளை ஊர்வலம் போல அலங்கரித்து அனுப்பப்படும் விரைவு ரயில் இன்ஜின்களின் பெருமை அதற்குக் கிடைத்ததில்லை. ஆனால் ஏற்றுமதியான ரப்பரும் ஈயமும் செம்பனை எண்ணெயும் பெரிய ரயிலைச் சென்றடைவதற்கு முன்பு பல இடங்களில் இந்தச் சின்ன வண்டிகளைத்தான் நம்பியிருந்தன.

மலாயாவில் இவை உண்மையிலேயே இருந்தனவா?

இருந்தன. சொல்லப்போனால், நாட்டின் ரயில்வே வரலாறே தொழிலுக்காகத் தொடங்கியதுதான். 1885 ஜூன் 1 அன்று திறக்கப்பட்ட தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதை, லாருட் வட்டாரத்து ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுசேர்ப்பதற்காகவே போடப்பட்டது. போர்ட் வெல்ட் இன்று கோலா செபெத்தாங் என்று அழைக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றை நோக்கிச் சென்ற பாதைக்கும் ஈயமே காரணம். இவை பொது ரயில்பாதைகள். இவற்றின் அகலம் ஒரு மீட்டர்.

இவற்றுக்கு அப்பால், 600 அல்லது 700 மில்லிமீட்டர் அகலத்தில் தோட்டங்கள் தங்கள் சொந்தச் செலவில் போட்டுக்கொண்ட குறும்பாதைகள் இருந்தன. இதற்குச் சிறந்த சான்று தெலுக் இந்தான் அருகே உள்ள ஜெண்டராத்தா தோட்டம். டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் தொடங்கிய அந்த நிறுவனம், செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டுசெல்லக் குறும்பாதை ரயிலை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறது. மண் மென்மையான தாழ்நிலத்தில் கனமான லோரிகள் புதைந்துபோகும். தண்டவாளமோ எடையைப் பரப்பி வைக்கும். ஆகவே அங்கே ரயில் நிலைத்திருப்பது பழமைப் பற்றினால் அன்று, கணக்குப் பார்த்த முடிவினால்.

சுரங்கப் பக்கத்தில், 1906இல் தொடங்கி 1986இல் மூடப்பட்ட சுங்கை லெம்பிங் ஈயச் சுரங்க நிறுவனமும், திரெங்கானுவில் புக்கிட் பெசியிலிருந்து டுங்குன் கடற்கரைக்கு இரும்புத் தாது இறக்கிய பாதையும் குறிப்பிடத்தக்கவை. சிலாங்கூரின் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் 1915 முதல் 1960 வரை இயங்கியது. கூட்டரசு மலாய் மாநில ரயில்வேயின் இன்ஜின்கள் அந்த நிலக்கரியை எரித்தே ஓடின.

அப்படியானால் ஏன் இவ்வளவு குறைவாக எஞ்சியுள்ளன?

தோட்ட நிர்வாகத்துக்கு இன்ஜின் என்பது ஒரு கருவி. கருவி பழுதானால் அதன் நல்ல பாகங்களைக் கழற்றி இன்னொன்றுக்குப் போடுவார்கள்; எஞ்சியதைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைபோட்டு விற்பார்கள். இதில் குற்றம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. தோட்டங்கள் கைமாறியபோது பழைய பேரேடுகளும் கைமாறின, பல இடங்களில் காணாமலும் போயின. ஒவ்வொரு தோட்டமும் தனக்கு வசதியான பாதை அகலத்தைத் தேர்ந்துகொண்டதால், ஒரு தோட்டத்து வண்டியை இன்னொரு தோட்டத்தில் அப்படியே ஓட்டவும் இயலவில்லை.

பெரிய ரயில்வேயின் நிலை இதைவிடச் சற்று மேல். கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1938 முதல் செய்து அனுப்பிய மூன்று சிலிண்டர் கொண்ட ‘56’ என்ற வகை இன்ஜின்களில் ‘தெமெர்லோ’ என்ற பெயருடைய 564.36 எண் இன்ஜின் மீண்டும் சீரமைக்கப்பட்டுச் சிறப்பு ரயில்களை இழுத்தது. அதைப் போன்ற கவனிப்பு தோட்டத்து இன்ஜின் எதற்கும் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. நாட்டின் ரயில் பாரம்பரியம் என்றால் மூரிஷ் பாணிக் குவிமாடங்கள் கொண்ட கோலாலம்பூர் நிலையம் மட்டுமே என்று நினைக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. 1910இல் எழுந்த அந்த நிலையம் அழகானதுதான். ஆனால் அதைக் கட்டுவதற்கான பணம் எங்கிருந்து வந்ததோ, அந்த இடங்களின் இயந்திரங்களும் அதே வரலாற்றின் பகுதியாகும்.

பாரம்பரிய ரயில்பாதை என்பது எங்கே தொடங்கியது?

பழைய பாதையையும் இன்ஜின்களையும் காப்பாற்றி ஓட்டிக்காட்டும் இந்த வழக்கம் வேல்ஸில் தொடங்கியது. பிரின் எக்ல்விஸ் கற்பலகைச் சுரங்கத்துக்காக 1860-களில் போடப்பட்ட டாலிலின் பாதை மூடப்படும் நிலைக்கு வந்தபோது, தன்னார்வலர்கள் அதை ஏற்றெடுத்து 1951இல் ஓட்டத் தொடங்கினர். தன்னார்வலர்கள் காப்பாற்றி ஓட்டிய உலகின் முதல் ரயில்பாதை அதுவே. பிரிட்டனின் வழக்கமான அகலம் கொண்ட பாதைகளில் அப்படி முதலில் காப்பாற்றப்பட்டது லீட்ஸ் நகரத்து மிடில்டன் பாதை, 1960இல். அது 1758ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தின்படி நிலக்கரிக்காக உருவானது. ஆக, முன்னோடிகள் இரண்டுமே தொழிலகப் பாதைகள்.

1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வே தன் முதன்மைப் பாதைகளில் நீராவியைக் கைவிட்டது. பெரிய இன்ஜின்கள் பல, வேல்ஸின் பேரி நகரத்துப் பழைய இரும்புக் களத்தில் கடற்காற்றில் துருப்பிடித்து நின்றன. அங்கிருந்து 213 இன்ஜின்கள் மீட்கப்பட்டன என்றாலும், அவற்றைச் சீர்செய்யப் பல ஆண்டுகள், சிலவற்றுக்குப் பல பத்தாண்டுகள், பிடித்தன. நிலக்கரிச் சுரங்கங்களோ தங்கள் சிறிய இன்ஜின்களை அதற்குப் பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தன; விற்றபோது அவை ஓடும் நிலையிலேயே கிடைத்தன. லீட்ஸின் ஹன்ஸ்லெட் நிறுவனம் போர்க்காலத் தேவைக்காக வடிவமைத்து, 1943 முதல் 1964 வரை பல ஆலைகளில் 485 எண்ணிக்கையில் கட்டப்பட்ட ‘ஆஸ்டரிட்டி’ இன்ஜின்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புதிதாகத் தொடங்கிய பாரம்பரியப் பாதைகள் பலவற்றின் முதல் ரயில்களை இழுத்தவை, பயணிகள் பார்க்க ஆசைப்பட்ட புகழ்பெற்ற இன்ஜின்கள் அல்ல. இந்தச் சுரங்கத்து இன்ஜின்கள்தாம். பெரியவை தயாரானதும் சிறியவை கொட்டகையின் பின்பக்கம் தள்ளப்பட்டன என்பது அந்த இயக்கத்தினர் அதிகம் பேச விரும்பாத செய்தி.

தோட்டத்து இன்ஜினைக் கொண்டு பயணிகளை ஏற்றிச் செல்லலாமா?

உடனே முடியாது. முதல் தடை பிரேக். சரக்கு இழுத்த இன்ஜின்களில் பெரும்பாலும் இன்ஜினை மட்டும் நிறுத்தும் நீராவி பிரேக்கும் கைப் பிரேக்கும்தான் இருந்தன. பயணிகள் ரயிலுக்கு எல்லாப் பெட்டிகளிலும் ஒருசேரப் பிடிக்கக்கூடிய, இணைப்பு அறுந்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும் பிரேக் வேண்டும். 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா நகரருகே, ஏற்றத்தில் பிரித்து நிறுத்தப்பட்ட பயணிகள் பெட்டிகள் பின்னோக்கி உருண்டோடி அடுத்து வந்த ரயிலுடன் மோதின. அவற்றில் இருந்த வெற்றிட பிரேக் தானாகப் பிடிக்கும் வகையைச் சேர்ந்ததன்று. இன்ஜினிலிருந்து பிரித்தவுடன் அது பயனற்றுப் போனது. எண்பது பேர் மாண்டனர். அதே ஆண்டு பிரிட்டன் இத்தகைய பிரேக்கைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. இன்று தொழிலக இன்ஜினைப் பாரம்பரியப் பாதைக்குக் கொண்டுவருவோர் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, பெட்டிகளின் பிரேக்கை இயக்கும் கருவியை அதில் பொருத்துவது.

இரண்டாவது தடை தண்ணீர். ஆலையைச் சுற்றி வருவதற்கென்று செய்த தொட்டி நெடுந்தூரத்துக்குப் போதாது. வேகம் பெரிய சிக்கல் அன்று. பிரிட்டனின் பாரம்பரியப் பாதைகளிலேயே மணிக்கு 25 மைல், அதாவது சுமார் 40 கிலோமீட்டர், என்பதே வழக்கமான உச்சவரம்பு.

கொதிகலனைக் கண்டு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்?

பயப்படத்தான் வேண்டும். கொதிகலனுக்குள் இருக்கும் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. அழுத்தம் சுமார் 10 பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு, இருக்கும்போது அதன் வெப்பநிலை 180 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். தகடு எங்காவது கிழிந்து அழுத்தம் திடீரென்று விழுந்தால், அந்தத் தண்ணீரின் ஒரு பகுதி கண்ணிமைக்கும் நேரத்தில் நீராவியாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ 1,600 லிட்டருக்கும் மேற்பட்ட நீராவியாக விரியும். வெடிப்பின் பலம் அங்கிருந்துதான் வருகிறது.

நெருப்புப் பெட்டியின் மேற்கூரைத் தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மட்டம் இறங்கி அந்தத் தகடு வெளிப்பட்டால், அது நெருப்பில் இளகித் தாங்கும் திறனை இழந்துவிடும். அதனால்தான் ஓட்டுநரும் ஃபயர்மேனும் மட்டக் கண்ணாடியை விட்டுக் கண் எடுப்பதில்லை. அதையும் மீறித் தவறு நேர்ந்தால், தகட்டில் பொருத்தியுள்ள காரீய அடைப்பு உருகி, நீராவியை நெருப்பின்மேல் பாய்ச்சி எச்சரிக்கும்.

பல ஆண்டுகள் கிடந்த கொதிகலனை முதலில் முழுவதும் கழற்ற வேண்டும். புகைக்குழாய்களை உருவி எடுத்து, உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தகடுகளின் கனத்தை மீயொலிக் கருவியால் அங்குலம் அங்குலமாக அளக்க வேண்டும். உள்தகட்டையும் வெளித்தகட்டையும் இணைக்கும் நூற்றுக்கணக்கான தாங்குகம்பிகளில் எவை அறுந்துள்ளன என்று பார்க்க வேண்டும்; தேர்ந்த ஃபிட்டர்கள் சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்டே அறுந்த கம்பியைக் கண்டுகொள்வார்கள். அதன் பிறகு தண்ணீரை முழுவதும் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். சோதனைக்குக் காற்றையோ நீராவியையோ பயன்படுத்தாமல் தண்ணீரைப் பயன்படுத்துவதற்குக் காரணம், தண்ணீர் சுருங்குவதில்லை. எங்காவது பிளந்தாலும் கசிந்து நிற்குமே தவிர வெடிக்காது. நீராவியில் சோதிப்பது இதற்கெல்லாம் பிறகுதான். பிரிட்டனில் இப்படி முழுமையாகச் சீர்செய்த கொதிகலன், ஆண்டுதோறும் சோதனையில் தேறிவந்தால், சுமார் பத்தாண்டுகள் ஓடலாம். பிறகு மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அதனால் ‘சீரமைத்து முடித்துவிட்டோம்’ என்ற பேச்சே நீராவி இன்ஜினுக்குப் பொருந்தாது.

மலேசியாவில் இதைச் செய்யக்கூடிய ஆட்கள் இருக்கிறார்களா?

பலர் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறார்கள், ஆனால் ரயில்வேயில் அல்ல. செம்பனை ஆலைகள் இன்றும் நீராவியால் இயங்குகின்றன; பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து நீராவி உண்டாக்கி, அதைக் கொண்டே குலைகளை வேகவைக்கின்றன, மின்சாரமும் எடுக்கின்றன. அங்குள்ள கொதிகலன்களை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் சான்றிதழ் பெற்ற பாய்லர்மேன்கள்தாம் இயக்க முடியும்; கொதிகலனும் குறித்த காலத்துக்கு ஒருமுறை அதிகாரிகளின் சோதனையில் தேறியாக வேண்டும். இந்த வேலையில் தமிழர்கள் நெடுங்காலமாக இருந்து வருகிறார்கள். ஆலைக் கொதிகலனின் அமைப்பு இன்ஜின் கொதிகலனிலிருந்து வேறுபட்டது என்றாலும், நீரின் தரம், உப்புப் படிவு, தகட்டுத் தேய்மானம் பற்றிய அறிவு இரண்டுக்கும் பொதுவானது. பாரம்பரிய ரயில் பற்றிய கூட்டங்களுக்குக் கட்டடக் கலைஞர்களையும் சுற்றுலா அதிகாரிகளையும் அழைப்பவர்கள், ஓர் ஆலைப் பாய்லர்மேனையும் அழைத்தால் பேச்சு விரைவில் தரைக்கு வரும்.

ஓடச் செய்வதா, நிறுத்தி வைப்பதா?

ஓடினால்தான் உயிர் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஓர் இன்ஜினை ஓடச் செய்ய அதன் தகடுகளையும் குழாய்களையும் தாங்கிகளையும் மாற்ற நேரும். மாற்றும் ஒவ்வொரு பாகத்தோடும் அதைச் செய்தவரின் கைவேலை பற்றிய சான்று அகன்றுவிடும். ஒரே வகையில் பல இன்ஜின்கள் எஞ்சியிருந்தால் ஒன்றை ஓட்டலாம். ஒன்றே ஒன்று எஞ்சியிருந்தால் அதை அப்படியே விட்டுவைப்பதே முறை.

ஆனால் நிறுத்தி வைப்பது என்றால் பூங்காவில் மழைக்கு விட்டு, ஆண்டுக்கு ஒருமுறை தேசிய தினத்துக்கு முன்பு கறுப்புச் சாயம் அடிப்பது என்று பொருள் அன்று. நம் தட்பவெப்பத்தில் கூரையில்லாத இன்ஜின், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தின்னப்பட்டுக்கொண்டிருக்கும். தண்ணீர்த் தொட்டியின் அடித்தகடும், புகைப்பெட்டியில் கிடக்கும் சாம்பல் ஈரத்தை உறிஞ்சும் இடமும் முதலில் போகும். ஒரு கூரை, காற்றோட்டம், சாம்பலை அகற்றுதல், தொட்டிகளை வற்ற வைத்தல் ஆகிய நான்கும் ஓர் இன்ஜினின் ஆயுளைப் பல பத்தாண்டுகள் நீட்டிக்கும்.

இத்தனை பாகங்களை மாற்றினால் அது பழைய இன்ஜின்தானா?

டாலிலின் பாதையின் முதல் இரண்டு இன்ஜின்கள் 1860-களில் செய்யப்பட்டவை. அவை இன்று ஓடுவது பின்னாளில் செய்த கொதிகலன்களைக் கொண்டுதான். நீலகிரி மலை ரயிலில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்ட பல்சக்கர இன்ஜின்கள் தேய்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனை அதே வகையில் புதிய இன்ஜின்களையே செய்து நீலகிரிக்கு அனுப்பியது. அது தவறன்று, அந்தப் பாதை 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், அங்கே காக்கப்படுவது பாதையும் ஓட்டும் முறையும் செய்யும் திறனும். எது பழையது, எது புதியது என்று எழுதி வைத்திருந்தால் போதும். எழுதாமல் மாற்றுவதுதான் குற்றம்.

டீசல் இன்ஜின்களைக் காப்பாற்றுவதில் பொருள் உண்டா?

நிச்சயமாக உண்டு. மலாயா ரயில்வேக்கு 1957இல் இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ‘20’ என்ற வகை டீசல் இன்ஜின்கள் வந்ததிலிருந்து நீராவியின் காலம் சுருங்கத் தொடங்கியது. தோட்டங்களிலும் சிறிய டீசல் இன்ஜின்கள் பரவின. இன்றைய ஓய்வூதியர்கள் ஓட்டியவை பெரும்பாலும் அவைதாம். புகையும் கூவலும் இல்லாததால் யாரும் அவற்றின்மேல் ஆசைப்படுவதில்லை. அதனால் இப்போது அழிந்துகொண்டிருப்பவையும் அவைதாம்.

எரிபொருளுக்கு என்ன செய்வது?

சபாவில் விறகு எரிக்கிறார்கள். ஜாவாவின் சர்க்கரை ஆலை இன்ஜின்கள் கரும்புச் சக்கையை எரித்தன. தீபகற்பத்தின் நீராவி இன்ஜின்கள் போருக்குப் பின் எண்ணெய்க்கு மாறின. எனவே நிலக்கரி இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது.

மலேசியாவில் நீராவி ரயிலை எங்கே பார்க்கலாம்?

சபாவின் வட போர்னியோ ரயில், கோத்தா கினாபாலுவின் தஞ்சோங் ஆருவிலிருந்து பாப்பார் வரை செல்லும் சுற்றுலா ரயிலாக 2000இல் தொடங்கப்பட்டது. அதை இழுப்பது இங்கிலாந்தின் வல்கன் ஃபவுண்டரி 1954இல் செய்த இன்ஜின். பயணம் வைப்பதற்கு முன் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பினாங்குக் கொடிமலை ரயில் 1923 முதல் ஓடினாலும் அது கம்பிவடத்தால் இழுக்கப்படுவது. அதற்கு இன்ஜினே கிடையாது. பினாங்கைப் பற்றி இன்னொன்று: ஜார்ஜ் டவுனில் மணிக்கூண்டோடு ஒரு ரயில்வே கட்டடம் நிற்கிறது, ஆனால் அங்கே ஒருபோதும் தண்டவாளம் இருந்ததில்லை. பயணிகள் அங்கே பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு, ஃபெரியில் கடலைக் கடந்து பிறைக்குப் போய் ரயில் ஏறினார்கள்.

தமிழர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தைப்பிங் பாதையைப் போட்டதில் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினருக்குப் பங்குண்டு. அடுத்து வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணியாற்றினார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பாதை பராமரித்தார்கள், கரி அள்ளினார்கள், செந்தூல் பணிமனையில் ஃபிட்டர்களாகவும் கொல்லர்களாகவும் உயர்ந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோவிலும் செந்தூலின் தமிழ்க் குடியிருப்புகளும் அந்த வேலைவாய்ப்பின் வழியே வளர்ந்தவை. 1945இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசிய அந்தப் பணிமனை மறுபடியும் எழுந்து, பின்னர் பத்து காஜாவுக்கு இடம் மாறியது. செந்தூலின் பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005 முதல் நாடக அரங்காக விளங்குகிறது. கட்டடம் பிழைத்தது. உள்ளே நடந்த வேலையைச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர்கள் போட்ட சயாம் மரண ரயிலையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜப்பானியர்கள் மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் கொண்டுபோனார்கள். அங்கே ஓடிய சி56 வகை இன்ஜின்களில் இரண்டு 1979இல் ஜப்பானுக்குத் திரும்பின. ஒன்று தோக்கியோவின் யாசுகுனி ஆலயத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மற்றொன்று ஓய்கவா ரயில்பாதையில் சுற்றுலாப் பயணிகளை இழுத்தது. இரண்டும் நன்றாகப் பராமரிக்கப்பட்டவை. ஓர் இன்ஜினைப் பளபளப்பாக வைத்திருப்பதும் அதன் வரலாற்றை முழுமையாகச் சொல்வதும் வெவ்வேறு வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பழைய தோட்டத்தில் ஓர் இன்ஜின் கிடப்பதாகக் கேள்விப்பட்டோம். என்ன செய்யலாம்?

முதலில் அது யாருடையது என்று கேளுங்கள். தோட்டம் கைமாறியிருந்தாலும் இரும்புக்கு உரிமையாளர் உண்டு. அனுமதி கிடைத்தால் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுங்கள். செய்த நிறுவனத்தின் தகடு பெரும்பாலும் திருடு போயிருக்கும். அப்போது சக்கரத்தோடு இணைந்த தண்டுகளிலும் சிலிண்டர் முகப்பிலும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே எண் பல பாகங்களில் வந்தால் அது தொழிற்சாலை எண்ணாக இருக்கக்கூடும். அதைக் கொண்டு எங்கே, எந்த ஆண்டு செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். பாகங்களில் வெவ்வேறு எண்கள் இருந்தால் இரண்டு மூன்று இன்ஜின்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று பொருள், அதுவும் வரலாறுதான். தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலத்தை உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

சாயத்தைச் சுரண்டாதீர்கள், அடியில் இருக்கும் அடுக்குகள் அதன் பழைய உரிமையாளர்களைக் காட்டும். கொதிகலனைச் சுற்றியுள்ள வெப்பக் காப்பு உறையைக் கட்டாயம் தொடாதீர்கள். பழைய இன்ஜின்களில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும், அகற்றுவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் தேவை.

வெளிநாட்டவர் வந்து நல்ல விலை கேட்டால், 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் பாரம்பரியப் பொருள்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கேட்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆனால் வெளியே போவது எப்போதும் இழப்பு என்றும் சொல்ல மாட்டேன். ஹன்ஸ்லெட் நிறுவனம் 1971இல் ஜாவாவின் டிராங்கில் சர்க்கரை ஆலைக்குச் செய்து அனுப்பிய இன்ஜின் பின்னாளில் இங்கிலாந்துக்கே திரும்பி, அங்கே ஓடும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டது.

அந்தத் தோட்டத்தில் இன்ஜின் ஓட்டியவரோ, அவருக்கு உதவியாளராக இருந்தவரோ உயிரோடு இருந்தால், இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்பே அவரைப் பாருங்கள். பாதை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, எந்த வளைவில் வண்டி தடம் புரளும், மழைக்காலத்தில் மணலை எப்படித் தூவினார்கள், எந்தப் பாகத்தைத் தோட்டத்துக் கொல்லர் தாமே அடித்துப் பொருத்தினார் என்பதையெல்லாம் கைப்பேசியில் பதிவுசெய்து, பதிவில் நாளையும் இடத்தையும் வாயால் சொல்லி வையுங்கள். முடிந்தால் அவரையும் உடன் அழைத்துக்கொண்டு பாதை இருந்த தடத்தில் நடந்து பாருங்கள். செம்பனை மறுநடவில் தடம் மறைந்திருந்தாலும் மதகுகளும் பாலத்தின் காரைத் தூண்களும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.